தரையை விட்ட சாரம்

பிரிட்டனில் சாரம் கட்டுபவர் எந்த வேலைக்குத் தகுதியானவர் என்பதை அவர் கையிலிருக்கும் அட்டை சொல்லிவிடும். கட்டுமானத் தொழிலின் சாரத் தொழிலாளர் பதிவுத் திட்டமான சி.ஐ.எஸ்.ஆர்.எஸ். தரும் இந்த அட்டைக்குப் படிகள் உண்டு: உதவியாள், பயிற்சி பெறுபவர், சாரத் தொழிலாளி, உயர்நிலைச் சாரத் தொழிலாளி. முதல் பகுதிக்குப் 10 நாள் பயிற்சி. வேலைத்தளத்தில் பல மாத அனுபவம். இரண்டாம் பகுதிக்கு இன்னொரு 10 நாள். பிறகு ஒரு நாள் செய்முறைத் தேர்வு. அதில் தேறிச் சாரத் தொழிலாளி ஆனவர் மேலும் சில காலம் வேலை பார்த்துவிட்டு வந்தால்தான் உயர்நிலைப் பயிற்சிக்கு இடம். அதுவும் 10 நாள். அதன் முடிவில் காத்திருக்கும் தேர்வு மட்டும் இரண்டு நாள் நீளும்.

இந்தக் கடைசிப் படிக்கு வருபவர் தொழிலுக்குப் புதியவர் அல்லர். குழாயைத் தோளில் ஏற்றுவது, கிளாம்பை முடுக்குவது, பலகை பரப்புவது எல்லாம் அவர் கைக்கு மனப்பாடம். ஆகவே உயர்நிலைத் தேர்வுக்கான தயாரிப்பு கையைப் பழக்குவதோடு நின்றுவிட முடியாது. இதுவரை கை செய்துவந்ததற்கான காரணத்தை மனம் கண்டுகொள்வதுதான் அந்தத் தயாரிப்பின் பெரும்பகுதி. பாடத்திட்டம் முழுக்க எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு கேள்விக்கு யாரோ எப்போதோ கண்ட விடை. விடையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் கேள்வி சற்று மாறினாலும் திகைத்துவிடுவார். உயர்நிலை வேலையில் கேள்வி மாறிக்கொண்டேதான் இருக்கும்.

சாதாரணச் சாரம் தரையில் நிற்கிறது. அதன் பாரம் முழுவதும் நிமிர்ந்த குழாய்கள் வழியாக நேராக மண்ணுக்கு இறங்கிவிடும். வழக்கமான அளவுகளுக்குள் கட்டினால் சிறு பிழைகளை மண் பொறுத்துக்கொள்ளும். உயர்நிலைப் பாடத்தில் வரும் சாரங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாலத்தின் அடியிலிருந்து தொங்கும் சாரம், கீழே கால் ஊன்ற இடமில்லாததால் ஐந்தாம் மாடி ஜன்னல் வழியாக வெளியே நீளும் சாரம், பழைய மாளிகையின் கூரையைப் பிரிக்கும்போது அதன் மேல் குடைபோல் விரியும் தற்காலிகக் கூரை, சாயப்பார்க்கும் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் சட்டகம் எனப் பட்டியல் நீள்கிறது. இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுதான்: பாரம் தரையை அடைவதற்கு முன் வளைந்து, திரும்பி, சில இடங்களில் மேல்நோக்கியும் பயணம் செய்கிறது. அந்தப் பாதையைக் கண்ணால் தொடரக் கற்றுக்கொள்வதே உயர்நிலைப் படிப்பின் சாரம்.

பாதை தொடங்குவது குழாயில். ஐரோப்பியத் தரப்படி சாரக் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ.; சுவர்த் தடிமன் 4 மி.மீ.; எடை மீட்டருக்கு 4.37 கிலோ. 21 அடிக் குழாய் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை லண்டனில் சாரம் என்றால் மரக் கம்பும் கயிற்றுக் கட்டும்தான். டேனியல் பால்மர்-ஜோன்ஸ் என்பவர் உருவாக்கிய இணைப்புக் கருவி 1913இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் முகப்பைப் புதுப்பித்த வேலையில் பயன்பட்டது. 1919இல் அவர் கொண்டுவந்த மேம்பட்ட கிளாம்ப் இன்றுவரை புழங்கும் வடிவங்களுக்கு முன்னோடி. கயிறு கட்டியவரின் கைப்பக்குவம் இருந்த இடத்தில் அளந்து சொல்லக்கூடிய ஒரு பிடிமானம் வந்தது. சாரத்தைக் கணக்கிட முடியும் என்ற எண்ணத்துக்கே அது வழிவிட்டது.

கிளாம்ப் குழாயைத் துளைப்பதில்லை, குழாயோடு ஒட்டிக்கொள்வதும் இல்லை. இறுகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதன் வலிமை முழுவதும் உராய்வு. இரண்டு குழாய்களைச் செங்கோணத்தில் இணைக்கும் ஃபிக்ஸ் கிளாம்ப் வழுக்காமல் தாங்கும் பாதுகாப்பான பாரம், பிரிட்டிஷ் வழிகாட்டியின்படி 6.1 கிலோநியூட்டன். ஒரு கிலோநியூட்டனைச் சுமார் 100 கிலோவின் எடை என்று கொண்டால் இது 600 கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் இந்த எண்ணுக்கு நிபந்தனை உண்டு. நட்டு 50 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முடுக்கப்பட்டிருக்க வேண்டும். குழாயில் எண்ணெயோ காய்ந்த சிமெண்டோ இருக்கக் கூடாது. கிளாம்பின் மறை தேய்ந்திருக்கக் கூடாது. 6.1 என்று எழுதிவிட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். 6.1 எப்போது 6.1 ஆக இருக்காது என்று சொல்லத் தெரிந்தவரே அந்த எண்ணின் பின்னாலிருக்கும் கேள்வியைப் பிடித்தவர்.

அடுத்தது பாரத்தின் வகை. ஐரோப்பியத் தரம் நடைமேடைகளை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. பார்வையிட மட்டும் ஏறும் மேடைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன், இரண்டாம் வகுப்புக்கு 1.5, மூன்றாம் வகுப்புக்கு 2, கனமான கொத்து வேலைக்கான நான்காம் வகுப்புக்கு 3. ஐந்தும் ஆறும் முறையே 4.5, 6. மேடையின் வகுப்பு உயர உயர நிமிர்குழாய்கள் நெருங்கி வரும். இந்த அட்டவணையை ஒப்பிப்பது எளிது. தளத்தில் அதைப் பயன்படுத்துவதில்தான் சிக்கல். செங்கல் அடுக்கிய பலகைத்தட்டு ஒன்று ஏறத்தாழ ஒரு டன் இருக்கும். அதாவது சுமார் 10 கிலோநியூட்டன். நான்காம் வகுப்பு மேடையில் இரண்டு நிமிர்குழாய்களுக்கு நடுவே 1.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பகுதி தாங்க வேண்டியது 6.5 கிலோநியூட்டன்தான். கொத்து வேலைக்கென்றே கட்டப்பட்ட மேடையில்கூட, பாரந்தூக்கி கொண்டுவந்து தரும் செங்கல்கட்டை அப்படியே இறக்கிவைக்கக் கூடாது என்பது இந்த ஒரு பெருக்கலில் விளங்கிவிடும். சரக்கு இறக்க ஏன் தனி மேடை கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கும் இதுவே விடை.

பாரம் மேடையிலிருந்து நிமிர்குழாய்க்கு வந்து கீழே இறங்குகிறது. அங்கே மண் இருக்கிறது. ஒரு காலில் 20 கிலோநியூட்டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. சதுரமான பேஸ் பிளேட் எனும் அடித்தட்டு மட்டும் இருந்தால் மண்ணின் மீது விழும் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 890 கிலோநியூட்டன். அதன் அடியில் 225 மி.மீ. அகலமும் 500 மி.மீ. நீளமும் உள்ள உறுதியான அடிப்பலகையை வைத்தால் அழுத்தம் ஏறத்தாழ 180 ஆகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு. அவசரத்தில் விட்டுவிடப்படும் பொருள்களில் அடிப்பலகைக்கு எப்போதும் இடமுண்டு. மழைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் புதைந்தால், அது சுமந்த பாரம் பக்கத்துக் கால்களுக்குத் தாவும். அவை அதற்காகக் கணக்கிடப்பட்டவை அல்ல.

நிமிர்குழாய் நசுங்கி உடைவது அரிது. அது பக்கவாட்டில் வளைந்துதான் தோற்கும். மெலிந்த தூண் எவ்வளவு பாரத்தில் வளையும் என்பதற்கு லியோனார்ட் ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டில் தந்த விதி இன்றும் செல்லும்: தாங்குதிறன், பிடிப்பில்லாத நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். வழக்கமாக ஓர் அடுக்கின் உயரம் 2 மீட்டர். நடக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று யாரோ ஓர் அடுக்கின் கிடைக்குழாய்களைக் கழற்றிவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பில்லாத நீளம் 4 மீட்டர் ஆகும். வலிமை பாதியாகும் என்றுதான் உள்ளுணர்வு சொல்லும். ஆனால் விதிப்படி அது நான்கில் ஒன்றாகிவிடும். குழாயில் கீறல் இல்லை, கிளாம்ப் எதுவும் தளரவில்லை, பார்வைக்கு எதுவும் மாறவில்லை. முக்கால் பங்கு வலிமை மட்டும் போய்விட்டது. சாரத்தில் நடக்கும் ஆபத்தான மாற்றங்கள் பெரும்பாலும் இப்படிக் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிபவை. குறுக்குக் குழாய்களையும் சுவர்ப் பிடிப்புகளையும் பற்றிய பாடம் இந்த விதியின் விரிவுரைதான். எந்தக் குழாய் பாரம் சுமக்கிறது என்று கேட்பதோடு, எந்தக் குழாய் இன்னொன்றை வளையவிடாமல் காக்கிறது என்றும் கேட்கப் பழக வேண்டும். இந்த இரண்டாம் வகைக் குழாய்கள் எதையும் தாங்காதவை போலத் தோன்றும். அதனாலேயே முதலில் கழற்றப்படுபவையும் அவையே.

சுவரோடு சாரத்தைக் கட்டும் டை எனப்படும் பிடிப்புகளுக்குக் காற்றுதான் பெரிய எதிரி. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்கு. வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தம் சுமார் 245 நியூட்டன். திறந்த சாரத்தின் குழாய்களிடையே காற்று புகுந்து போய்விடும். தூசிக்கும் மழைக்கும் பயந்து அதே சாரத்தைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தினால் அது பாய்மரமாகிவிடும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் போர்த்திய பரப்பில் விழும் விசை 24.5 கிலோநியூட்டன், இரண்டரை டன்னுக்குச் சமம். வழக்கமான வலிமையுள்ள டை ஒன்றின் தாங்குதிறன் 6.1 கிலோநியூட்டன் என்றால் நான்கு டைகள் சேர்ந்து 24.4. மிக எளிய இந்தக் கணக்கிலேயே நான்கு போதாது. கட்டடத்தின் மூலைகளிலும் உயரத்திலும் காற்று இன்னும் வேகமெடுப்பதைச் சேர்த்தால் எண்ணிக்கை மேலும் கூடும். முதலில் திறந்த சாரமாகக் கட்டி ஒப்படைத்ததை நடுவில் ஒருவர் போர்த்தச் சொன்னால், அது கூடுதல் வேலை அல்ல, வேறொரு சாரம் என்று சொல்ல இந்தக் கணக்கு போதும்.

டையின் எண்ணிக்கை சரியாக இருந்தும் அது பற்றியிருக்கும் சுவர் சரியில்லாமல் போகலாம். நூறாண்டுப் பழைய செங்கல்லில் துளையிட்டுப் பதித்த நங்கூரம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்த்துச் சொல்ல இயலாது. இழுத்துப் பார்க்கத்தான் வேண்டும். தேவையான பாரத்தைப் போல 1.25 மடங்கு விசையில், குறைந்தது மூன்று நங்கூரங்களையாவது, மொத்தத்தில் இருபதுக்கு ஒன்றையாவது சோதிக்க வேண்டும் என்பது நடைமுறை.

உயர்நிலைப் பாடத்தின் மையம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது வெளிநீளும் சாரம். கீழே நடைபாதையையோ பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடிக் கூரையையோ மறிக்க முடியாதபோது, கட்டடத்தின் உள்ளிருந்து குழாய்களை வெளியே நீட்டி அவற்றின் மேல் மேடை அமைப்பார்கள். கிணற்று ஏற்றத்தின் துலாவைப் பார்த்தவருக்கு இதன் தத்துவம் அந்நியமல்ல. ஒரு முனையில் பாரம், மறு முனையில் எதிர்பாரம், நடுவில் சுழல்புள்ளி.

மூன்றாம் வகுப்பு மேடை, அகலம் 1.2 மீட்டர், 2 மீட்டர் இடைவெளிக்கு ஒரு நீட்டுக்குழாய் என்று கொண்டால், ஒரு குழாயின் பங்குக்கு வரும் பாரம் 4.8 கிலோநியூட்டன். சாரத்தின் சொந்த எடையை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம். பாரத்தின் மையம் சுழல்புள்ளியிலிருந்து ஒரு மீட்டர் வெளியே இருக்கிறது. குழாயின் வால் இரண்டு மீட்டர் உள்ளே செல்கிறது. வாலை அழுத்திப் பிடிக்கத் தேவையான விசை 2.4 கிலோநியூட்டன். கவிழாமலிருக்க ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 3.6. பெரும்பாலான தேர்வர்கள் இதுவரை தடுமாறாமல் வந்துவிடுவார்கள். பலர் இங்கேயே நின்றும் விடுவார்கள்.

பாதை இன்னும் முடியவில்லை. வாலை மேல்கூரையில் முட்டுக்கொடுத்து அழுத்தினால் அந்த விசை கூரைத் தளத்தை மேல்நோக்கித் தள்ளும். அந்தத் தளம் கீழ்நோக்கிய பாரத்துக்காகக் கட்டப்பட்டது. மேல்நோக்கித் தள்ளப்படுவதைப் பற்றி அதைக் கட்டியவர் யோசித்திருக்க மாட்டார். அடுத்து சுழல்புள்ளி. அது வெளிப் பாரத்தையும் வாலின் அழுத்தத்தையும் சேர்த்துச் சுமக்கிறது: 4.8உம் 2.4உம் சேர்ந்து 7.2. மேடையில் வைத்ததைவிட ஒன்றரை மடங்கு பாரம் அங்கே இறங்குகிறது. அந்த இடத்தில் குழாயைத் தாங்குவது ஒரே ஒரு கிளாம்ப் என்றால் அதன் 6.1 ஏற்கெனவே தாண்டப்பட்டுவிட்டது. அடியில் துணைக் கிளாம்ப் போட வேண்டும். போட்டாலும் வலிமை அப்படியே இரு மடங்காகிவிடாது. உள்ளே இடம் போதவில்லை என்று வாலை ஒரு மீட்டராகச் சுருக்கினால் சுழல்புள்ளியின் பாரம் 9.6 ஆக ஏறும்.

இதையும் கண்டுபிடித்தவர் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: குழாய் என்ன ஆகும்? சுழல்புள்ளியில் அது தாங்க வேண்டிய வளைவுத் திருப்புத்திறன் 4.8 கிலோநியூட்டன்-மீட்டர். ஒற்றைச் சாரக் குழாய் பாதுகாப்பாகத் தாங்கக்கூடியது சுமார் 1.1 மட்டுமே. கிளாம்ப் வழுக்குவதற்கு வெகு முன்பே குழாய் மடங்கிவிடும். ஆகவே தனிக்குழாயால் இந்த வேலை ஆகாது. வலைப்பின்னல் உத்திரங்களோ, கீழ் மாடியிலிருந்து சாய்வாக ஏறிவந்து முட்டுக்கொடுக்கும் குழாய்களோ வேண்டும். ஒரே கணக்கில் மூன்று இடங்களில் மூன்று வெவ்வேறு உறுப்புகள் தோற்கக் காத்திருக்கின்றன. முதல் விடை சரியாக வந்த மகிழ்ச்சியில் மற்ற இரண்டையும் பார்க்காமல் விடுவதே இந்தத் தேர்வின் மிகப் பெரிய பொறி. வேலைத்தளத்தின் பொறியும் அதுதான்.

பாரத்தின் பாதை சாரத்துக்கு வெளியேயும் நீள்கிறது என்பதற்கு வரலாற்றில் கொடிய சான்று உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. கோபுரம் உயர உயர, முந்தைய நாள்களில் வார்த்த கான்கிரீட்டையே பற்றிக்கொண்டு சாரமும் மேலேறும் ஏற்பாடு. 1978 ஏப்ரல் 27 அன்று, ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில், முந்தைய நாள் வார்த்த கான்கிரீட் பாரம் தாங்காமல் பெயர, சாரம் உட்புறமாகச் சுருண்டு விழுந்தது. அதிலிருந்த 51 பேரும் இறந்தார்கள். விசாரித்த அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் அலுவலகம், கான்கிரீட் போதிய வலிமை பெறுவதற்கு முன்பே அதன் மீது பாரம் ஏற்றப்பட்டதே பெரும்பாலும் காரணம் என்று முடிவு சொன்னது. சாரத்தின் வலிமையை அதன் குழாயிலும் கிளாம்பிலும் மட்டும் தேடினால் இந்த விபத்து விளங்காது. சாரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அதுவும் சாரத்தின் பகுதியே. தயாரிப்பின்போது வரைபடத்தில் சாரத்தின் கோடுகளை மட்டும் வாசிக்காமல், அவை தொடும் சுவரையும் தளத்தையும் அவற்றின் வயதையும் சேர்த்து வாசிக்கப் பழக வேண்டியது இதனால்தான்.

இவ்வளவு கணக்கும் தேர்வரைப் பொறியாளர் ஆக்குவதற்காக அல்ல. பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு உயரப் பணி விதிகளின்படி, பொதுவாக ஏற்கப்பட்ட நிலையான வடிவத்தில் கட்டப்படாத எந்தச் சாரத்துக்கும் வலிமைக் கணக்கீடு தேவை. நிலையான வடிவங்கள் எவை என்பதைச் சாரத் தொழில் கூட்டமைப்பின் டி.ஜி.20 வழிகாட்டி வரையறுக்கிறது. அந்த வரம்புக்குள் தொழிலாளி தன் அறிவைக் கொண்டு கட்டலாம். அதைத் தாண்டினால் வடிவமைப்பாளரின் வரைபடம் வந்தாக வேண்டும். உயர்நிலை வேலையின் பெரும்பகுதி இந்த எல்லைக்கு அப்பால் நடப்பது. அங்கே தொழிலாளியின் கடமை வரைபடத்தைத் துல்லியமாகக் கட்டுவது. தளத்தின் நிலைமை வரைபடத்தோடு பொருந்தாதபோது வேலையை நிறுத்திக் கேட்பது.

நிறுத்துவதற்குத்தான் கணக்கு தேவைப்படுகிறது. வரைபடத்தில் இரண்டு மீட்டர் என்றிருக்கும் வாலுக்கு உள்ளே ஒன்றரை மீட்டர்தான் இடம் இருக்கிறது என்றால், அனுபவம் குறைந்தவருக்கு அது சரிக்கட்டக்கூடிய அரை மீட்டர். சுழல்புள்ளியில் என்ன நேரும் என்று அறிந்தவருக்கு அது தொலைபேசியை எடுக்க வேண்டிய அரை மீட்டர். கீழே பாரந்தூக்கி வாடகைக்கு நின்றுகொண்டிருக்கும். மேற்பார்வையாளர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நெருக்கடியில் கையை நிறுத்தும் துணிவு சுபாவத்திலிருந்து மட்டும் வருவதில்லை. காரணம் தெரிந்திருப்பதிலிருந்து வருகிறது. விதி என்று மட்டும் தெரிந்தவரை வற்புறுத்தி வளைக்கலாம். ஏன் என்று தெரிந்தவரை வளைப்பது கடினம். உயர்நிலைத் தகுதி என்பது அதிகம் கட்டத் தெரிந்திருப்பது என்றே வெளியிலிருந்து தோன்றும். உண்மையில் தன் அறிவு எங்கே முடிகிறது என்பதைத் துல்லியமாக அறிந்திருப்பதே அதன் உட்பொருள்.

பாடத்தின் மறுபாதி, கட்டுபவரின் சொந்த உடலைப் பற்றியது. சாரம் முடிந்தபின் அதில் ஏறுபவருக்குத் தடுப்புக் கம்பி இருக்கும்: மேடையிலிருந்து குறைந்தது 950 மி.மீ. உயரத்தில் மேல்கம்பி, இடைவெளி எங்கும் 470 மி.மீட்டரைத் தாண்டாதபடி நடுக்கம்பி, விளிம்பில் பலகை. கட்டிக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. அவற்றை உண்டாக்குபவரே அவர்தானே. கூட்டமைப்பின் எஸ்.ஜி.4 வழிகாட்டி இந்த இடைவெளியை அடைக்கப் பார்க்கிறது. மேலடுக்குக்கு ஏறும் முன்பே கீழிருந்தபடி தடுப்புக் கம்பியைப் பொருத்திவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. தடுப்பில்லாத பலகையில் நின்று அடுத்த அடுக்கைக் கட்டும் பழைய வழக்கம் 2010ஆம் ஆண்டுப் பதிப்போடு ஏற்கப்படாத முறையாகிவிட்டது.

பாதுகாப்புப் பட்டை அணிந்தாயிற்று, இனி பயமில்லை என்ற நம்பிக்கையையும் எண்கள் சோதிக்கின்றன. இணைப்புக் கயிற்றின் அதிகபட்ச நீளம் 2 மீட்டர். விழும் அதிர்ச்சியை வாங்கும் பட்டை பிரிந்து 1.75 மீட்டர்வரை நீளலாம். பாதுகாப்புப் பட்டையில் கயிறு இணைந்த இடத்துக்கும் விழுபவரின் பாதத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கீழே ஒரு மீட்டர் மிச்சம் வேண்டும். காலடியிலுள்ள குழாயில் கயிற்றை மாட்டியவருக்கு அந்தக் குழாயின் கீழ் ஆறு மீட்டருக்கு மேல் வெற்றிடம் இருந்தால்தான் பட்டை காப்பாற்றும். நான்கு மீட்டர் உயரத்தில் அவர் முறைப்படி எல்லாம் அணிந்தபடியே தரையில் மோதுவார். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரமே பெரும்பாலும் இல்லாமல் போகும். அதே கயிறு, அதே பட்டை. மாட்டும் இடம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. காப்பாற்றப்பட்டவர் தொங்கிக்கொண்டே இருக்கவும் முடியாது. அசைவின்றித் தொங்கும் உடலில் இரத்தவோட்டம் தடைபடும் என்பதால் விரைவாக மீட்கும் திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தீயணைப்புத் துறையை அழைப்போம் என்பது மட்டும் திட்டமாகாது.

கட்டி முடித்த சாரமும் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மீட்டரோ அதற்கு மேலோ விழக்கூடிய மேடையைப் பயன்படுத்தும் முன் ஒரு முறை, பிறகு ஏழு நாளுக்கு ஒரு முறை, புயல்போல அதன் உறுதியைக் குலைக்கக்கூடிய எதுவும் நிகழ்ந்தபின் மீண்டும் ஒரு முறை எனச் சோதிக்க விதி கட்டாயப்படுத்துகிறது. அறிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். காற்றைவிடவும் மண்ணைவிடவும் சாரத்தை அதிகம் மாற்றுபவர்கள் அதைப் பயன்படுத்துபவர்கள்தாம். ஜன்னல் பொருத்த வந்தவர் ஒரு டையைக் கழற்றுவார். பூச்சு வேலைக்காரர் பலகையை நகர்த்துவார். இரண்டும் திரும்ப வைக்கப்படாது. சோதிப்பவர் பார்க்க வேண்டியது இருப்பதை மட்டுமல்ல, இருந்திருக்க வேண்டியதையும்தான். ஒப்படைப்புச் சான்றிதழும் வரைபடமும் கையில் இல்லாமல் செய்யும் சோதனை பாதிச் சோதனை.

பிரிப்பது கட்டுவதைவிட ஆபத்தானது. கட்டும்போது வலிமை கூடிக்கொண்டே போகிறது; பிரிக்கும்போது ஒவ்வோர் அசைவும் அதைக் குறைக்கிறது. பிரிக்க வருபவர் பெரும்பாலும் கட்டியவர் அல்லர். இடையில் யார் எதைக் கழற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எனவே மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காக, டைகளை அந்தந்த அடுக்கோடு மட்டுமே எடுப்பது என்ற ஒழுங்கு. வெளிநீளும் சாரத்தில் கடைசிவரை தொடக்கூடாதது வாலின் பிடிப்பு. கழற்றிய குழாய்களை ஒரே மேடையில் குவித்துவைத்தால் வகுப்பு எண் மறுபடியும் முன்னால் வந்து நிற்கும். 28 கிலோக் குழாய் நாற்பது சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும்.

இவற்றைத் தேர்வுக்குப் படிக்கும் முறைகளில் சில பயனுள்ளவை, சில ஏமாற்றுபவை. அட்டை பெறுவதற்குத் தனியாக எழுத வேண்டிய கட்டுமானத் துறைப் பாதுகாப்புத் தேர்வில் 45 நிமிடத்தில் 50 கேள்விகள். கொடுக்கப்பட்ட விடைகளில் தேர்ந்தெடுப்பது. அதற்கு மாதிரி வினாக்களைத் திரும்பத் திரும்பச் செய்வது உதவும். அதே பழக்கம் உயர்நிலைத் தேர்வுக்குப் போதாது. அங்கே வரைபடம் கொடுக்கப்படுகிறது. குழாய்களின் எண்ணிக்கையைக் கணித்து எடுத்து, உயரத்தில் நின்று, மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டிருக்கக் கட்ட வேண்டும். அவர் முடிந்த சாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. அது முடியாமல் இருந்த ஒவ்வொரு நேரத்திலும் நிலையாக இருந்ததா என்றும் பார்க்கிறார்.

இதற்குப் பயன்படும் பயிற்சி ஒன்று உண்டு. எந்த வரைபடத்தை எடுத்தாலும் மேடையின் நடுவில் ஒரு பாரத்தை வைத்து, அது தரையை அடையும்வரை பென்சிலால் தொடர்வது. ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று கேள்விகள்: இங்கே எது வழுக்கலாம், எது வளையலாம், எது கவிழலாம். பிறகு ஒரே ஒரு குழாயை அழித்துவிட்டு அதே பாதையை மறுபடி தொடர்வது. எந்தக் குழாயை எடுத்தால் பாதை அறுகிறது, எதை எடுத்தால் மாற்றுவழி தேடிக்கொள்கிறது என்று பிரித்தறிய வந்துவிட்டால், அட்டவணை எண்கள் தாமாகவே நினைவில் நிற்கும். காரணத்தோடு வந்த எண் எளிதில் மறப்பதில்லை.

இந்தத் திட்டம் பிரிட்டனோடு முடியவில்லை. வளைகுடா நாடுகளின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் கட்டுமானங்களுக்குமாக, மூன்று நிலைகள் கொண்ட அயல்நாட்டுப் பயிற்சி வடிவம் ஒன்றையும் சி.ஐ.எஸ்.ஆர்.எஸ். நடத்துகிறது. அந்தத் தளங்களில் வேலை செய்பவர்களில் தமிழகத்துத் தொழிலாளர்களும் உண்டு. சவுக்குக் கம்பையும் கயிற்றையும் கொண்டு ஊரில் சாரம் கட்டப் பழகியவருக்குச் சமநிலையும் உயரமும் புதியவை அல்ல. எடையைக் கையில் உணரும் திறனும் அவருக்கு உண்டு. புதிதாகக் கற்க வேண்டியது, உணர்ந்ததை எண்ணாக எழுதி இன்னொருவர் சரிபார்க்கும்படி வைப்பது. இந்தியத் தரத்தில் பெயரளவு உள்விட்டம் 40 மி.மீ. எனப்படும் குழாயின் வெளிவிட்டமும் அதே 48.3 மி.மீ.தான். குழாய் எங்கும் ஒன்றே. அதைச் சுற்றியுள்ள சோதனையும் பதிவும் கேள்வி கேட்கும் உரிமையும் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

தேறியவருக்குக் கிடைக்கும் அட்டை ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க இரண்டு நாள் தொடர்பயிற்சி கட்டாயம். வழிகாட்டிகள் இதற்கிடையில் மாறியிருக்கும்: டி.ஜி.20இன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 2021இல் புதுப்பிக்கப்பட்டது, எஸ்.ஜி.4இன் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு 2022இல். சில எண்கள் திருந்தும், சில முறைகள் கைவிடப்படும், புதிய இணைப்புகள் வரும். விடைகளை மட்டும் படித்தவர் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பாரம் எந்த வழியாக இறங்குகிறது என்று கேட்கக் கற்றவர் மாறியதை மட்டும் திருத்திக்கொண்டு வேலையைத் தொடரலாம்.